சனிக்கிழமைச் சம்பளமும் திங்கட்கிழமைத் தவணையும்

(திருப்பூரில் மே தினத்தை ஒட்டி நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு எண்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறீர்கள், வீட்டில் உலை வைக்கக்கூட நேரமில்லாமல் வந்தவர்களும் இருப்பீர்கள். அதனால் வாழ்த்து, வரவேற்பு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தமிழ்நாட்டில் ஏழைகள் நூற்றுக்கு இரண்டேகால் பேர்கூட இல்லை. நான் சொல்லவில்லை, மத்திய அரசின் நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீடு சொல்கிறது. 2015-16ல் 4.76 சதவீதமாக இருந்தது 2019-21ல் 2.20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் இந்தியா முழுக்க எடுத்தால் 14.96 சதவீதம். அப்புறம் 2024-25ல் மாநிலத்தின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இந்தியாவிலேயே தொழிற்சாலைகள் அதிகம் உள்ள மாநிலம் நாம்தான். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இதெல்லாம் பொய்க் கணக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. உண்மைதான்.

சரி, அப்படியென்றால் இந்த ஊரில் எந்த லைன் வீட்டுக்குப் போனாலும் திங்கட்கிழமை காலையில் ஏன் பெண்கள் ஒரு வாசலில் கூடிக் கையில் கடன் தவணை நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்த இரண்டேகால் பேரில் யாரும் அங்கே இல்லையே. எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிறது, கேஸ் இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். ஏழை இல்லை. ஆனால் இந்த வாரம் தவணைக்கு ஐநூறு ரூபாய் குறைகிறது, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கலாமா என்று யோசனை.

அந்த வறுமைக் குறியீட்டை எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. மொத்தம் 12 கேள்வி. வீட்டில் சத்துக்குறைவு உண்டா, குழந்தை இறந்திருக்கிறதா, கர்ப்பிணிக்குக் கவனிப்பு கிடைத்ததா, பள்ளிப் படிப்பு எத்தனை வருடம், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, எதில் சமைக்கிறீர்கள், கழிப்பறை, குடிநீர், கரண்ட், வீட்டின் தரை கூரை, டிவி சைக்கிள் மாதிரிப் பொருட்கள், கடைசியாக வங்கிக் கணக்கு. நல்ல கேள்விகள்தான். ஒரு மனிதன் மனிதனாக இருக்க இவ்வளவாவது வேண்டும். ஆனால் இந்தப் பன்னிரண்டில் கூலி எவ்வளவு என்ற கேள்வி கிடையாது. வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்ற கேள்வி கிடையாது. கடன் எவ்வளவு என்ற கேள்வி கிடையாது. வங்கிக் கணக்கு இருந்தால் நீங்கள் ஒரு படி மேலே. அந்தக் கணக்குக்கு வந்த பணம் சம்பளமா, கடனா என்பது குறியீட்டுக்குத் தெரியாது. அது தெரிந்துகொள்வதற்காகச் செய்த கருவியும் இல்லை, ஆகவே குறியீட்டைத் திட்டிப் பயனில்லை. அதை மேடையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு "வறுமையை ஒழித்துவிட்டோம்" என்று பேசுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். அரசின் கடனைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டால் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் என்று அதில் இருந்தது. ரூபாய் சுத்தமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். அரசாங்கம் வாங்கிய கடன் நம் குடும்பத்துக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரிகிறது. நம் குடும்பம் வாங்கிய கடன் எவ்வளவு என்று கேட்டு ஒரு வெள்ளை அறிக்கை, பச்சை அறிக்கை எதுவும் வந்த மாதிரித் தெரியவில்லை.

பசியை இந்த மாநிலம் எப்படி ஒழித்தது என்பதைச் சொல்லாமல் மேலே போனால் அது நன்றி கெட்டதனம். இங்கே அறுபது எழுபது வயதுப் பெரியவர்கள் இருக்கிறீர்கள், கேழ்வரகுக் கூழும் சோளச் சோறும் சாப்பிட்டு, நெல்லுச்சோறு தீபாவளிக்கு என்றிருந்த காலம் உங்களுக்குத் தெரியும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித்தான் ஓர் ஆட்சியே மாறியது. காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982ல் எம்ஜிஆர் காலத்தில் சத்துணவாகப் பெரிதானது. 2008ல் கிலோ ஒரு ரூபாய் அரிசி. 2011 ஜூனிலிருந்து 20 கிலோ அரிசி விலையில்லாமல். 2022ல் காலை உணவும் வந்துவிட்டது. எந்தக் கட்சி என்று பார்க்காமல் சொல்லுங்கள், ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி நிறுத்தாமல் கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்திருக்கிறது. மற்ற மாநிலங்களில் ஏழை யார் என்று பட்டியல் போட்டு, பட்டியலில் இல்லாதவன் பட்டினி கிடந்தபோது, இங்கே அட்டை உள்ளவர் எல்லாருக்கும் அரிசி என்று வைத்தார்கள். அது பெரிய விஷயம். பெண்களுக்கு இலவசப் பேருந்து 2021ல் வந்தது, அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. "ஓசி" என்று இதைக் கேலி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் வீட்டு வேலைக்காரம்மாவும் அந்தப் பேருந்தில்தான் வருகிறார், இல்லையென்றால் பஸ் காசு சேர்த்துச் சம்பளம் கேட்டிருப்பார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் திரும்பி வருகிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. பனியன் கம்பெனியில் தையலில் இருக்கும் ஒருவர், எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஐநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடவோ குறையவோ என்பது உங்களுக்கே தெரியும், கணக்குக்காகச் சொல்கிறேன். மாதம் 26 நாள் முழுசாக வேலை இருந்தால் 13,000. மனைவியும் அதே ஐநூறு வாங்கினால் 26,000. ஆனால் அவர் செக்கிங்கிலோ, பிசிறு வெட்டவோ, கைமடிக்கவோ போனால் அதைவிடக் குறைவு. மத்திய அரசின் 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரி 7,630 ரூபாய், கிராமத்தில் 5,310 ரூபாய் என்று சொன்னது. நாலு பேர் குடும்பத்துக்கு நகரத்தில் 30,520. இரண்டு பேர் ஒரு நாள் விடாமல் வேலை பார்த்தும், மூன்று நான்கு வருடத்துக்கு முந்தைய விலைவாசியில் நகரத்துச் சராசரியைத் தொட நாலாயிரத்து ஐநூறு குறைகிறது. அதனால்தான் நம் ஊரில் யாரும் ஒரு ஷிப்ட் பார்ப்பதில்லை, ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். பேப்பரில் திரும்பப் பெற்றார்கள். நம் ஊரில் அது என்றைக்கோ நடைமுறை, கூலி கட்டாததால் நாமே கேட்டு வாங்குகிற பன்னிரண்டு மணி நேரம்.

அந்த 26 நாள்தான் பெரிய பொய். ஆர்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் புதன்கிழமையே "நாளைக்கு வர வேண்டாம், போன் பண்றோம்" என்பார்கள். துணி வரவில்லை, சாயம் வரவில்லை, பையர் பீஸை ஓகே பண்ணவில்லை. காரணம் எதுவானாலும் அந்த நாளைக்குக் கூலி இல்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டது. வருடம் சுமார் நாற்பதாயிரம் கோடிக்கு ஏற்றுமதி செய்கிற ஊர் இது. வரி போட்டவர் வாஷிங்டனில் இருந்தார், அடுத்த சனிக்கிழமை சம்பளக் கவர் இளைத்தது இங்கே காந்தி நகரிலும் மங்கலம் ரோட்டிலும். முதலாளிகளுக்கு வட்டிச் சலுகை, கடன் தவணைக்கு அவகாசம் வேண்டும் என்று சங்கங்கள் டெல்லிக்குப் போயின. கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். தையல்காரர் வாங்கிய குழுக் கடனுக்கு அவகாசம் கேட்டு டெல்லிக்கு யார் போனார்கள்?

சனிக்கிழமை சாயங்காலத்தை நீங்கள் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். கவரைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அது பங்கு பிரிந்திருக்கிறது. மளிகைக் கடைப் பாக்கி, வீட்டு வாடகைக்கு இந்த வாரப் பங்கு, பையனுக்கு டியூஷன், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாத்திரை, சீட்டு. சீட்டிலும் ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தனித்தனி. முறைவைத்து வருகிற மொய் வேறு, ஆவணியில் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்த மாதம் அவ்வளவுதான். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதில் திங்கட்கிழமைத் தவணையை எடுத்து அரிசி டப்பாவில் வைத்துவிடுவார்கள், கண்ணில் பட்டால் செலவாகிவிடும் என்று.

இந்தக் குழுக் கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மகளிர் சுய உதவிக் குழு என்று ஒன்று இருந்தது, 1989ல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி. பெண்கள் தாங்களே சேமித்து, தாங்களே கடன் கொடுத்துக்கொண்டு, வங்கியிலும் வாங்கினார்கள். இப்போது வாசலுக்கு வருகிற குழு அது இல்லை. இது நுண்கடன் நிறுவனங்களின் குழு. பத்துப் பெண்களைச் சேர்த்து, ஒருவரை லீடராகப் போட்டு, சென்டர் மீட்டிங் என்று ஒரு வாசலில் உட்கார வைத்து, ஆதார் அட்டையை போட்டோ எடுத்து, மூன்றாம் நாள் கணக்கில் பணம் போட்டுவிடுகிறார்கள். அடமானம் கிடையாது. மற்ற ஒன்பது பெண்களின் முகம்தான் அடமானம். ஒருத்தி கட்டவில்லை என்றால் வசூலுக்கு வந்த தம்பி வாசலை விட்டு நகர மாட்டார், மற்ற ஒன்பது பேரும் வேலைக்குப் போக முடியாது. அவர் கத்த வேண்டியதே இல்லை. அக்கம்பக்கமே போய் அந்தப் பெண்ணிடம் கத்தும். வேலைக்கு நேரமாகிறது என்று மற்றவர்கள் ஆளுக்கு நூறு போட்டு அடைப்பார்கள், அப்புறம் ஆறு மாதம் அவளோடு பேச மாட்டார்கள். அந்தத் தம்பியையும் குறை சொல்ல முடியவில்லை, அவரும் டிகிரி முடித்துவிட்டு டார்கெட்டுக்கு ஓடுகிற ஒரு கூலிதான், வசூல் குறைந்தால் அவர் சம்பளத்தில் கை வைக்கிறார்கள்.

விதி இல்லாமல் இல்லை. வருட வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இது 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகலாம் என்று ஒரு விதி பெருந்தன்மையாக அனுமதிக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்தப் பாதியையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்டு, வேலை இருந்த வாரத்தின் தொகையை எழுதிக்கொள்கிறார்கள். ஒரு ஆளுக்கு மூன்று நிறுவனத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று நிறுவனங்களே தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டிருக்கின்றன. அந்த ரிசர்வ் வங்கி விதியிலேயே வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். வட்டி இருபது சதவீதத்துக்கு மேல்தான். விவசாயக் கடன் நாலு சதவீதம், கார் கடன் ஒன்பது சதவீதம். காரே இல்லாதவள்தான் அதிக வட்டி கட்டுகிறாள்.

கடன் வாங்கியது எதற்கு? வியாபாரம் செய்து முன்னேற என்று படிவத்தில் எழுதியிருக்கும், கறவை மாடு, தையல் மிஷின் என்று. உண்மையில் பாதி பேர் வாங்கியது காலேஜ் பீஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வீட்டு அட்வான்ஸுக்கு, அப்புறம் இன்னொரு கடனின் தவணைக்கு. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதில் தமிழ்நாடு முதல் வரிசை, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுச் சராசரியைவிட மிக அதிகம். மகிழ்ச்சி. அதில் பெரும்பகுதி தனியார் கல்லூரி, பீஸ் கட்டியது யார் என்று பார்த்தால் பவர் டேபிளில் உட்கார்ந்து கழுத்துவலியோடு தைக்கிற அம்மா.

நகையும் அப்படித்தான். பவுன் நம் வீட்டில் கழுத்தில் இருப்பதைவிட அடகுக் கடை லாக்கரில் இருக்கும் நாள்தான் அதிகம். வருடம் முடிந்தால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தது போய், அசலும் வட்டியும் முழுசாகக் கட்டினால்தான் மறுபடி வைக்க முடியும் என்று வங்கிகள் கெடுபிடி காட்டத் தொடங்கியதும் என்ன ஆனது தெரியுமா? வங்கி வாசலிலேயே ஆள் நிற்கிறார். காலையில் ஒரு லட்சம் கொடுப்பார், நகையை மீட்டு, அதே கவுண்டரில் அதே நகையை வைத்து, மத்தியானம் அவர் கையில் லட்சத்தையும் ஒரு நாள் வட்டியையும் கொடுக்க வேண்டும். விதி போட்டவர் நினைத்தது கடன் ஒழுங்கு. வாசலில் நடந்தது புதுசாக ஒரு வட்டித் தொழில். முடியாதவருக்கு நகை மூழ்கியது. 2021க்குப் பிறகு கூட்டுறவு வங்கியில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்; ரேஷன் அட்டை, ஆதார், குடும்பத்துக்கு எத்தனை கணக்கு என்று சல்லடை போட்டுச் சலித்ததில் தள்ளப்பட்டவர்களும் இங்கே இருப்பீர்கள்.

பள்ளிபாளையம் இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். அங்கே விசைத்தறிக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு தறிக்குப் போவார்கள், பாக்கி என்பார்கள். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது, வேறு பட்டறைக்காரர் பாக்கியை அடைத்துக் கூட்டிப் போனால் பாக்கி ஏறுமே தவிர இறங்காது. 2025 ஜூலையில் அந்த ஊர்ப் பெயர் பத்திரிகையில் எதற்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடனை அடைக்கக் கிட்னியை விற்றிருக்கிறார்கள். புரோக்கர் கூட்டிப்போய், உறவுக்காரர் என்று பேப்பர் தயார் பண்ணி, சில லட்சத்துக்கு. உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003லிருந்து சட்டம் இருக்கிறது. 2025ல் கடன் வசூலில் மிரட்டினால் மூன்று வருடம் வரை சிறை என்று இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். வசூலிக்கும் முறையைத்தான் சட்டம் தடுக்கும். ஒரு குடும்பம் ஏன் நாலு இடத்தில் கடன் வாங்கும்படி ஆனது என்பது சட்டத்தின் வேலை இல்லை, கூலியின் வேலை.

கூலியைப் பற்றி ஏதோ நாம் புதிதாகக் கேட்கிற மாதிரிப் பேசுகிறார்கள். 1957ல், அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால், டெல்லியில் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு பண்ணினார்கள். உழைக்கிற ஆளுக்கு 2,700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருடம் 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குக்கு மேற்கொண்டு. பிறகு உச்ச நீதிமன்றம் பிள்ளை படிப்பு, மருத்துவம், முதுமைக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. இதெல்லாம் இன்றும் செல்லும். ஆனால் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2019ல் நாளைக்கு 375 ரூபாயாவது வேண்டும் என்றது, அமைச்சர் அறிவித்தது 178 ரூபாய். நூற்றெழுபத்தெட்டு! டீயும் வடையும் சேர்ந்து இன்றைக்கு என்ன விலை என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நம் ஊரில் நாலு வருடத்துக்கு ஒரு முறை முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகின்றன. பத்து ஊரில் இல்லாத நல்ல வழக்கம் அது. ஆனால் அந்தக் கூலி கம்பெனியின் நேரடி ஆளுக்கு. கம்பெனிக்குள்ளேயே பவர் டேபிள் கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கீழே பீஸ் ரேட்டில் ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒப்பந்தம் செவிவழிச் செய்தி. தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்கும் இதே கதைதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் எடை போட்டுக் கொடுக்கிற இலையில் பூச்சியும் ஓட்டையும் போனால் ஆயிரம் தேறாது, சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்த்துச் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதிலும் சரியில்லை என்று கொஞ்சம் கழித்துப் போட்டுவிடுவார்கள். கழித்த பீடியைத் திருப்பியும் கொடுக்க மாட்டார்கள்.

இப்போது அந்த வேலைக்காரம்மா பஸ் டிக்கெட்டுக்கு வருகிறேன். அரிசியை அரசாங்கம் கொடுக்கிறது, காலைச் சோறும் மதியச் சோறும் பள்ளியில் கிடைக்கிறது, பஸ் இலவசம், ஆபரேஷன் என்றால் காப்பீட்டு அட்டை. இதையெல்லாம் ஒரு தொழிலாளி தன் கூலியிலிருந்து வாங்க வேண்டியிருந்தால் கூலி என்ன கேட்டிருப்பார்? நம் ரேஷன் அரிசி நம் வயிற்றுக்கு வருகிறது, அதனால் மிச்சமாகிற கூலி யார் பாக்கெட்டில் நிற்கிறது? வரிப்பணத்தில் கொடுக்கும் உதவி ஒரு பக்கம் நமக்கும், இன்னொரு பக்கம் குறைந்த கூலி கொடுக்கிறவருக்கும் சேர்த்துத்தான் போகிறது. இலவசங்களை நிறுத்துங்கள் என்று பேசுகிற தொழிலதிபர்கள் நிஜமாகவே நிறுத்தினால் முதல் வாரமே திண்டாடுவார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு கிலோகூடக் குறைக்கக் கூடாது. அரசு தன் பங்கைப் போட்டுவிட்டது, இனி கூலி தன் பங்கைப் போட வேண்டும் என்கிறேன்.

அந்த அரசே கூலி கொடுக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது? சத்துணவு, சத்துணவு என்று பெருமைப்பட்டோமே, அதைச் சமைத்துப் போடுகிற அம்மா ஓய்வுபெற்றால் கிடைத்த மாத ஓய்வூதியம் வெகுகாலம் 2,000 ரூபாயாகவே இருந்தது. அங்கன்வாடி அக்காக்கள் எத்தனை வருடமாகத் தெருவில் உட்கார்கிறார்கள்! 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுத்தால் இருபத்துமூவாயிரம் சொச்சத்திலிருந்து ஐந்தாறு ஆயிரம் குறைந்துபோகும், அந்தக் குறைவில் எங்கள் பிள்ளை பீஸ் இருக்கிறது என்றார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிப்போனது. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். கொரோனா காலத்தில் இவர்கள் காலைக் கழுவி மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம்.

டாஸ்மாக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் இங்கிருக்கும் அக்காக்கள் விடமாட்டீர்கள். 2024-25ல் மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 48,344 கோடி. உரிமைத்தொகைக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. இதில் விளக்க என்ன இருக்கிறது? ஒன்று மட்டும், குடிக்கிறான் அதனால் ஏழை என்று சுலபமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தவன் உடம்பு வலிக்குக் குடிக்கிறான், குடிக்காதவன் வீட்டிலும் தவணை பாக்கி இருக்கிறது.

வடக்கத்தியத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் இன்று இந்த ஊரில் எல்லா லைனிலும் இருக்கிறார்கள். அவர்கள் வந்ததால் நம் கூலி குறைந்தது என்று டீக்கடையில் பேசுகிறோம். கூலியைக் குறைத்தது ஒடிசாக்காரனா, ஒரு அறையில் எட்டுப் பேரை அடைத்துவைத்து அதையும் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறவரா? நாற்பது வருடத்துக்கு முன்னால் தேனியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நீங்கள் வந்தபோதும் இந்த ஊர்க்காரர்கள் இதையே பேசினார்கள். அவர்களும் சங்கத்துக்கு வரவில்லையென்றால் ஒப்பந்தக் கூலி நிற்காது, ஆகவே சங்கத்தில் சேருங்கள் என்று இந்தியில் ஒரு நோட்டீஸாவது அடிக்கச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சங்கத் தலைவர்கள் மேடையில்தான் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

சரி, நேரமாகிவிட்டது. கேட்க வேண்டியவை நிறைய, நாளையே கையில் எடுக்கக் கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றில் எனக்கு எதிர்ப்பு நிறைய உண்டு, அது இன்னொரு கூட்டத்துக்கு. ஆனால் எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கேளுங்கள். ஒருத்தராகக் கேட்டால் திங்கட்கிழமை வேலை இருக்காது, லைன் முழுக்கச் சேர்ந்து கேளுங்கள். மாதம் 21,000 வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு முக்கால் சதவீதம்தான், முதலாளி மூன்றேகால் சதவீதம் போட வேண்டும். அது இருந்தால் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் ஒரு பகுதியும், பிரசவத்துக்குப் போனால் முழுச் சம்பளமும் வரும், அந்த வாரம் குழுக் கடனுக்கு ஓட வேண்டாம். பி.எஃப். என்று கவரில் கழிக்கிறார்கள், கழித்ததைக் கட்டினார்களா என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். அதுதான் பார்த்தேன். உமங் செயலியில் யூ.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைப் போட்டால் எந்த மாதம் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று வந்துவிடும். பின்னால் நிற்கிற தம்பிகள், போனை வைத்துக்கொண்டு சும்மா ரீல்ஸ் பார்க்காமல் இந்த அக்காக்களுக்கு அதை எடுத்துக் கொடுங்கள். எண் தெரியாதவர்கள் சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், கடைசி பஸ் வரைக்கும் நான் இங்கேதான் இருக்கிறேன்.